இலையில் மாவுச்சத்து இருக்கிறதா? அயோடின் சோதனை, படிப்படியாக

ஒளிச்சேர்க்கையில் இலை முதலில் செய்வது சர்க்கரை. உடனே செலவாகாத சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றி, செல்லுக்குள் இருக்கும் பச்சை நிற நுண்ணுறுப்புகளான பசுங்கணிகங்களுக்குள் சேர்த்து வைக்கும். மாவுச்சத்தில் அயோடின் பட்டால் கருநீல நிறம் வரும். 1860களில் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ், ஒளி பட்ட இலையில் மாவுச்சத்து உண்டாவதை அயோடினை வைத்துத்தான் காட்டினார். அதே சோதனையை நீங்களும் செய்யலாம்.

தேவையானவை: செம்பருத்தி, ஜெரேனியம் போல மெல்லிய இலையுள்ள தொட்டிச்செடி, கருப்புக் காகிதம், கிளிப், பீக்கர், சோதனைக்குழாய், எத்தனால், இடுக்கி, வெள்ளைத் தட்டு, அயோடின் கரைசல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. வெங்காயத்தாள் வேண்டாம். அது உணவைப் பெரும்பாலும் சர்க்கரையாகவே வைத்துக்கொள்வதால் நிறம் சரியாக வராது.

படி 1: இருட்டில் வையுங்கள்

செடியை 24 முதல் 48 மணி நேரம் வரை வெளிச்சமே புகாத இடத்தில் வையுங்கள். பலர் அவசரத்தில் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான். ஆனால் சோதனையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. நேற்று சேர்த்த மாவுச்சத்து இலையில் மிச்சம் இருந்தால், இன்று தெரியும் கருநீலம் இன்றைய வெளிச்சத்தில் உண்டானதா, பழைய கையிருப்பா என்று எப்படிச் சொல்வீர்கள்? இருட்டில் செடி அந்தக் கையிருப்பைக் கரைத்துச் செலவழித்துவிடும்.

அது தீர்ந்ததா என்று ஊகிக்க வேண்டாம். வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் முன்பே ஓர் இலையைப் பறித்து, படி 3 முதல் 5 வரை செய்து பாருங்கள். கருநீலம் வராவிட்டால்தான் மேலே போக வேண்டும்.

படி 2: ஒரு பகுதியை மறையுங்கள்

செடியிலேயே இருக்கும் ஓர் இலையின் நடுவில், மேலும் கீழும் கருப்புக் காகிதப் பட்டை வைத்துக் கிளிப் போடுங்கள். அப்புறம் செடியை நல்ல வெளிச்சத்தில் 5 அல்லது 6 மணி நேரம் வையுங்கள். இலையைப் பறித்ததும் பட்டை இருந்த இடத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வேகவைத்த பிறகு அது நினைவில் நிற்காது.

படி 3: கொதிநீரில் போடுங்கள்

ஒன்றிரண்டு நிமிடம் போதும். செல்கள் இறந்து, சவ்வுகள் சிதைந்து, அயோடின் உள்ளே போக வழி கிடைக்கும்.

படி 4: பச்சையத்தை நீக்குங்கள்

முதலில் அடுப்பை அணையுங்கள். எத்தனால் எளிதில் தீப்பிடிக்கும். அதன் ஆவியும் அப்படித்தான். அறையில் எங்குமே தீ எரியக்கூடாது, சன்னல் திறந்திருக்க வேண்டும். சிறுவர்கள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும்.

இலையைச் சோதனைக்குழாயில் போட்டு, அது மூழ்கும் அளவு எத்தனால் ஊற்றி, குழாயைக் கொதிநீர் உள்ள பீக்கருக்குள் நிறுத்துங்கள். எத்தனாலின் கொதிநிலை சுமார் 78 டிகிரி செல்சியஸ் என்பதால் அந்த வெந்நீரின் சூடே போதும். குழாயின் வாயை மூடாதீர்கள். சற்று நேரத்தில் எத்தனால் பச்சையாகும், இலை வெளிறும். பச்சை இன்னும் தெரிந்தால் வெந்நீரை மாற்றுங்கள்.

வெளிறிய இலை விறைத்து, தொட்டால் நொறுங்கும்போல இருக்கும். இடுக்கியால் மெல்ல எடுத்து வெதுவெதுப்பான நீரில் முக்கினால் துவண்டு மென்மையாகிவிடும்.

படி 5: அயோடின் விடுங்கள்

இலையைத் தட்டில் சுருக்கமில்லாமல் விரித்து, ஆறிய பிறகு முழுவதும் நனையும்படி அயோடின் விடுங்கள். இலை சூடாக இருந்தால் கருநீலம் சரியாகப் பிடிக்காது. சில நிமிடம் காத்திருந்து, மிச்ச அயோடினைத் தண்ணீரில் அலசிவிட்டுப் பாருங்கள்.

வெளிச்சம் பட்ட பகுதி கருநீலம். பட்டை மறைத்த பகுதி மட்டும் மஞ்சள் கலந்த பழுப்பு, அதாவது அயோடினின் சொந்த நிறம். காகிதத்தின் விளிம்பு இருந்த இடத்தில் கோடு கிழித்ததுபோல நிறம் மாறுவதைக் கவனியுங்கள். ஒரே இலையில், வெளிச்சம் நின்ற இடத்தோடு மாவுச்சத்தும் நின்றிருக்கிறது.

இது ஒளி தேவை என்பதை மட்டுமே காட்டுகிறது. பச்சையமும் தேவையா என்று பார்க்க, பச்சையும் வெள்ளையும் கலந்த இலையுள்ள செடியை எடுத்து, காகிதம் இல்லாமல் இதே படிகளைச் செய்யுங்கள். பச்சைத் திட்டுகளை முன்பே வரைந்துவைத்தால், கருநீலம் அந்தப் படத்தோடு பொருந்துகிறதா என்று ஒப்பிடலாம்.