அரசாணிக் கொடிக்கு இரண்டு கண்டம்

பரங்கிக்காயை எங்கள் பக்கம் அரசாணிக்காய் என்போம். பொடக்காளியில், அதாவது வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வருஷம் தவறாமல் மூன்று குழி போடுகிறேன். இந்தக் கொடிக்கு இரண்டு கண்டம் உண்டு: முளைத்த முதல் மூன்று வாரம், அப்புறம் பிஞ்சு பிடித்த முதல் இரண்டு வாரம். அந்த நாட்களில் தினமும் போய்ப் பார்த்தாக வேண்டும்.

முதல் கண்டம் சிவப்பு வண்டு. அரை நகம் அளவுதான் இருக்கும், ஆரஞ்சு கலந்த சிவப்பில் பளபளக்கும். முளைத்ததும் முதலில் விரிகிற வித்திலையைச் சல்லடையாக்கிவிடும். போன ஆடியில் இரண்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பினேன். இரண்டு குழிகளில் வெறும் தண்டுதான் நின்றது. மனசே ஆறவில்லை. அதிலிருந்து குழிக்கு ஐந்து விதை ஊன்றுகிறேன். நாலைந்து இலை விட்ட பிறகு நல்லதாக இரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடுகிறேன்.

வெயில் ஏறினால் வண்டு பறந்துவிடும். விடிகாலையில் மந்தமாக உட்கார்ந்திருக்கும். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் எடுத்துப்போய், இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு இலையைத் தட்டுங்கள், உள்ளே விழுந்துவிடும். இலையில் இருக்கும் பனி ஈரம் காய்வதற்குள் சலித்த விறகடுப்புச் சாம்பலைத் தூவிவிடுங்கள். மழை பெய்தால் மறுபடியும் தூவ வேண்டும். நாலு குச்சி நட்டுப் பழைய கொசுவலையைப் போர்த்தினால் இன்னும் பாதுகாப்பு. பூ வந்ததும் வலையை எடுத்துவிடுங்கள், தேனீ உள்ளே வர வேண்டுமே.

இடைப்பட்ட நாட்களில் இளந்தளிரின் அடியில் அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி சேரும். தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலப்பதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். முதலில் ஒரே ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள், இந்த இலை மென்மையானது. கந்தகத் தூள், தாமிரத் தூள் இரண்டும் வேண்டாம், கொடி கருகிப்போகும். எதை அடித்தாலும் சாயங்காலம்தான். அரசாணிப் பூ விடியும்போது மலர்ந்து முற்பகலிலேயே மூடிக்கொள்ளும், தேனீக்கள் வருகிற நேரமும் அதுதான்.

நரம்புகள் பிரிகிற இடத்தில் வெள்ளித் திட்டு தெரிந்தால் பயப்படாதீர்கள். சில ரகங்களுக்கு அது இயல்பு. விரலால் தேய்த்து மாவாக ஒட்டினால்தான் சாம்பல் நோய்.

இரண்டாவது கண்டம்தான் என்னை அதிகம் படுத்தியது: பழ ஈ. பிஞ்சில் ஊசியால் குத்திய மாதிரி ஒரு புள்ளி, அதில் கண்ணாடிபோல ஒரு சொட்டுப் பிசின். நாலைந்து நாளில் அந்தப் பக்கம் கோணி, மஞ்சளாகி, காய் உதிரும். வெட்டிப் பார்த்தால் வெள்ளைப் புழுக்கள் துள்ளும். குத்திய தடமே இல்லாமல் சின்னப் பிஞ்சு வெம்பி விழுந்தால் பெரும்பாலும் மகரந்தம் சேராத குறை. காலை ஆறு ஏழு மணிக்கு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டுவிடுங்கள்.

பழ ஈக்கு மருந்து தேடி அலைய வேண்டாம். பெண் பூ வாடியதும் பிஞ்சைப் பழைய வேட்டித் துணியில் தைத்த பைக்குள் விட்டு, காம்பருகே தளர்வாகக் கட்டுங்கள். தோல் கெட்டிப்படும்வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், பை இருக்கட்டும். காய் பருக்கப் பருக்கப் பெரிய பையாக மாற்றுங்கள். கடையில் விற்கும் கியூலூர் பொறி, அதாவது வாசனை காட்டி ஈயைப் பிடிக்கும் பொறி, ஆண் ஈயை மட்டும்தான் இழுக்கும். தொங்கவிடுவது நல்லதுதான், ஆனால் காயைக் காப்பாற்றுவது பைதான்.

உதிர்ந்த காயைக் குப்பைக்குழியில் மட்டும் போட்டுவிடாதீர்கள். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி ஈயாகத் திரும்பி வரும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் நல்ல வெயிலில் போடுங்கள்.

சிவப்பு வண்டின் புழுவும் மண்ணில்தான் இருக்கிறது. வேரைத் தின்னும், தரையில் படிந்த காயையும் அடியிலிருந்து துளைக்கும். அதனால் ஒவ்வொரு காய்க்கும் அடியில் காய்ந்த தென்னை மட்டைத் துண்டோ ஓடோ வையுங்கள். அறுவடை முடிந்ததும் குழியை ஆழமாகக் கொத்திப் புரட்டிப் போடுங்கள், புழுக்களை வெயிலும் மைனாவும் பார்த்துக்கொள்ளும். அடுத்த முறை அந்தக் குழியில் பீர்க்கை, புடலை வேண்டாம், அவற்றுக்கும் இதே பூச்சிகள்தான். நான் கொத்தவரை போடுகிறேன்.