தோட்டத்தில் பெயர் தெரியாத பழச்செடியா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மேலூர் பக்கம் சித்தப்பா வைத்திருந்த முப்பது சென்ட் தோட்டம் எங்கள் கைக்கு வந்தது ஆடி மாதத்தில். கிணற்று மேட்டை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு முட்புதர். கொத்துக் கொத்தாக வெள்ளையும் ரோஸுமாகக் காய், நடுவில் நாலைந்து கறுத்த பழம். வரப்பில் போனவர் "இது செர்ரி" என்றார். மகன் பழத்தை மட்டும் போட்டோ எடுத்து ஆப்பில் போட்டான். அது மூன்று பெயர் சொன்னது. நானோ ஒரு பழத்தைப் பறித்து வாய்க்குக் கொண்டு போய்விட்டேன். ஆளுக்கொரு தவறு, பத்து நிமிடத்தில்.

என்னுடையதுதான் பெரிய தவறு. "குருவி தின்கிறதே, நமக்கென்ன" என்று நினைத்தேன். குயில் பொன்னரளிப் பழத்தைத் தின்னும். அதே காயின் கொட்டையை மனிதன் தின்றால் இதயத் துடிப்பே தடுமாறி உயிர் போகும். ருசியும் காப்பாற்றாது. காட்டாமணக்குக் கொட்டை தின்ன நன்றாக இருக்கிறது என்றுதான் பிள்ளைகள் நாலைந்து தின்றுவிட்டு வாந்தி பேதியோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். 'எட்டி பழுத்தென்ன' என்று நம் ஆட்கள் சும்மா சொல்லவில்லை. பார்க்க ஆரஞ்சுப் பழம் மாதிரி அழகாகத்தான் பழுக்கும். யாராவது எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், செடியில் ஒரு கிளையை ஒடித்துக் கையோடு கொண்டு போங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: 'பால் வடிந்தால் விஷம்' என்று முடிவு கட்டுவது. பலாவிலும் அத்தியிலும் சப்போட்டாவிலும் பால் இல்லையா? ஊமத்தையில் சொட்டுப் பால் கிடையாது, அது விஷம். பால் ஒரு அடையாளம், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த 'செர்ரி'. நம் ஊரில் செர்ரி என்றால் குறைந்தது மூன்று செடி. ரோட்டோரம் நிழலுக்கு நிற்கும் சிங்கப்பூர் செர்ரி ஒன்று. இலையைத் தொட்டால் பிசுபிசுக்கும், பழத்துக்குள் தூள் மாதிரி விதை. நர்சரியில் விற்கும் மேற்கிந்தியச் செர்ரி இன்னொன்று. ரோஸ் நிறப் பூ, சிவப்புப் பழத்துக்குள் மூன்று கொட்டை, முள் இல்லை. மூன்றாவது பேக்கரி செர்ரி. கேக்கின் மேல் சிவப்பாக உட்கார்ந்திருப்பது பல சமயம் சர்க்கரைப் பாகில் ஊறிச் சாயம் ஏறிய களாக்காய்தான். ஆக, ஊர்ப்பெயர் கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதோடு தேடலை நிறுத்தாதீர்கள்.

மகன் செய்ததைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். பழம் கண்ணை இழுக்கிறது, அதையே படம் பிடிக்கிறோம். கறுப்பாக உருண்டையாக ஒரு பழம் என்றால் மணத்தக்காளியும் அதுதான், சூரையும் அதுதான், கறிவேப்பிலைப் பழமும் அதுதான். செடி தன்னைக் காட்டிக்கொடுப்பது இலையிலும் முள்ளிலும். மறுநாள் நிதானமாக உட்கார்ந்து ஒரு கிளையைத் திருப்பிப் பார்த்தேன். இலைகள் எதிரெதிராக, ஜோடி ஜோடியாக. சூரையும் இலந்தையும் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. அவற்றில் இலை மாறி மாறி வரும், இலையடியிலிருந்தே மூன்று நரம்பு ஓடும். கணுவுக்கு இரண்டு நேர்முள், சிலது நுனியில் கவட்டையாகப் பிரிந்திருந்தது. கணுவுக்கு நாலு முள் என்றால் சங்கஞ்செடியாக இருக்கலாம். காம்பைக் கிள்ளினேன், வெள்ளைப் பால் குமிழ் விட்டு விரலில் ஒட்டியது. காரைச்செடிக்கும் எதிரிலை, ஜோடி முள்தான், பால் கிடையாது. மிச்சம் இருந்தது களா. அதுவும் அரளிக் குடும்பம்தான் என்பது வேடிக்கை. இலையை வெயிலில் பிடித்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம்: பொடிப் பொடியாக ஒளிப்புள்ளிகள் தெரிந்து, கசக்கினால் வாசனையும் வந்தால் பெரும்பாலும் எலுமிச்சை, வில்வம் வகையறா.

செடி எங்கே நிற்கிறது என்று பார்க்காததும் ஒரு தவறு. வேலியோரம் வரிசையாக நின்றால் யாரோ வைத்தது. வேம்புக்கு அடியில் தனியாக நின்றால் பறவை எச்சத்தில் விழுந்து முளைத்ததாக இருக்கும். உண்ணிச்செடி அப்படித்தான் பரவுகிறது.

இடத்தைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று முதல் வாரமே ஜேசிபியைக் கூப்பிடாதீர்கள். சித்திரை வெயிலில் இலை கொட்டிக் காய்ந்த விறகாக நிற்பது ஐப்பசி மழைக்குப் பூத்துக் காட்டலாம். ஒரு வருஷம் பொறுத்தால் பூ, காய், பழம் எல்லாம் பார்த்துவிடலாம்.

நீங்களாகக் கண்டுபிடிக்க முடியவில்லையா, தெரிந்தவர்களிடம் கொண்டு போங்கள். மதுரை ஒத்தக்கடையில் யானைமலைக்குப் பக்கத்திலேயே வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியம், அதாவது காய வைத்த செடி மாதிரிகளைப் பெயரோடு சேர்த்து வைக்கும் இடம், இருக்கிறது. ஒற்றைப் பழத்தைப் பாலிதீன் பையில் முடிந்து கொண்டு போகாதீர்கள். மதுரை வெயிலில் போய்ச் சேர்வதற்குள் அது கூழாகிவிடும். இலையும் பூவும் காயும் சேர்ந்த ஒரு முழம் கிளையைப் பழைய பேப்பருக்குள் விரித்து, மேலே கனம் வைத்து, தினமும் பேப்பர் மாற்றிக் காய வையுங்கள். காய்ந்தபின் தெரியாமல் போகிறவற்றை, அதாவது பூவின் நிறம், வாசனை, பால், செடியின் உயரம், தேதி, ஊர் எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள்.

கடைசித் தவறைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இவ்வளவும் செய்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துத்தான் சித்திக்குப் போன் போட்டேன். இருபது வருஷம் அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தவர். "களாச் செடிதானப்பா? உங்க சித்தப்பா நத்தம் சந்தையில கன்னு வாங்கியாந்து வெச்சது. காய் இருக்கா? எல்லாத்தையும் பழுக்க விட்டுறாத, ஊறுகாய்க்குக் காயாத்தான் பறிக்கணும்."