சீட்டு எடுத்ததா, எடுக்காததா? பழகும் ஆளிடம் பணக்கணக்கு கேட்கும் விதம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருசமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வேலை அப்படி என்பதாலோ என்னவோ, யாருக்குக் காதல் வந்தாலும் என்னிடம் வந்து நிற்கிறார்கள். "அக்கா, அவருக்கு மாசம் இவ்வளவு வருதாம், போதுமா?" வருவதை மட்டும் சொன்னால் நான் என்னத்தைச் சொல்ல?

என் கதையையே சொல்கிறேன். 27 வயதில் ஒருவரைப் பிடித்திருந்தது. 14 மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். "மாசம் ஆறு லட்சம் பில் போடறேன் அம்மணி" என்றார். பில் வேறு, வருமானம் வேறு என்று ஆபீசில் பத்துப் பேருக்குப் பாடம் எடுக்கிறவள், அன்றைக்கு வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். ஆறு மாதம் கழித்து ஒரு பேக்கரியில் உட்கார்ந்து, டீ பில்லின் பின்பக்கம் எழுதிப் பார்த்தோம். ஆட்களுக்குக் கூலி 4 லட்சம். கட்டட வாடகை 25 ஆயிரம், கரண்ட் 20, நூல் ஊசி ரிப்பேர் எல்லாம் 35, மெஷின் லோன் 62, அம்மா நகையை வைத்ததற்கு வட்டி 14. மிச்சம் 44 ஆயிரம். அதுவும் வேலை கொடுத்த பார்ட்டியிடமிருந்து பணம் ஒழுங்காக வந்தால். அவர் பொய் சொல்லவில்லை. அந்த 44 அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குத் திக்கென்றது அதில்தான்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, மறுநாள் கூலிக்கு 80 ஆயிரம் குறைகிறது என்றார். கொடுத்தேன். நாலு தவணையாக ஐந்து மாதத்தில் திரும்பி வந்தது. பணம் வந்துவிட்டது, சரி. அந்த ஐந்து மாதமும் நான் கூப்பிட்டால் போனை எடுக்காமல் இருந்தாரே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? பழகும் காலத்தில் கடன் கொடுக்காதீர்கள் என்று நான் கறாராகச் சொல்வது அதனால்தான்.

எனவே தொழில் செய்பவரிடம் "எவ்வளவு சம்பாதிக்கறீங்க" என்று கேட்காதீர்கள். "சனிக்கிழமை கூலி கொடுத்தது போக உங்க கைக்கு என்னங்க நிக்கும்?" என்று கேளுங்கள். ஆர்டர் நிறைந்த மாதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் 12 மாதத்தையும் கூட்டி வகுத்துப் பாருங்கள். கோயம்புத்தூர் ஐடி கம்பெனி ஆள் என்றால் வேலை சுலபம்: வருசத்துக்கு இத்தனை லட்சம் என்பதில் கம்பெனி கட்டும் பிஎஃப் பங்கும் அடக்கமாக இருக்கும். மாசக் கடைசியில் கணக்கில் விழும் தொகையைக் கேட்டால் முடிந்தது. தோட்டம், காடு என்று ஏக்கர் கணக்கு சொன்னால், பட்டா அவர் பேரிலா, அப்பா, சித்தப்பா எல்லாரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவா என்பது ஒன்று. தண்ணி உண்டா என்பது இன்னொன்று. வானம் பார்த்த காட்டை வைத்து வீட்டு வாடகை கட்ட முடியாது.

நம் பக்கத்தில் பலர் ஏமாறும் இடம் சீட்டு. "2 லட்சம் சீட்டு ஒண்ணு போட்டிருக்கேன்" என்றதும் சேமிப்பு என்று நினைத்துவிடுகிறோம். எடுத்ததா, அதாவது சீட்டுப் பணத்தை மொத்தமாக வாங்கியாயிற்றா, எடுக்காததா என்று கேளுங்கள். 20 மாதச் சீட்டில் 11 தவணை கட்டியாயிற்று, இன்னும் எடுக்கவில்லை என்றால் அது சேமிப்பு. மூணாவது மாதமே ஏலத்தில் தள்ளி, அதாவது தொகையைக் குறைத்துக் கேட்டு, எடுத்துவிட்டார் என்றால் அது கடன்; கட்டின 11 போக இன்னும் 9 தவணை, தவணைக்குப் பத்தாயிரம் வரை கட்ட வேண்டும். பதிவான சீட்டா என்றும் கேளுங்கள். 1982ஆம் வருசத்துச் சட்டப்படி பதியாமல் நடத்தக் கூடாது. ஆனாலும் தெரு முனையில் ஒரு தெரிஞ்ச அக்கா நடத்திக்கொண்டுதான் இருப்பார்.

அடுத்தது ஜாமீன் கையெழுத்து. சிநேகிதனுக்காகப் போட்டதை யாரும் தன் கடனாகச் சொல்வதில்லை. வாங்கினவர் கட்டாவிட்டால் ஜாமீன்தாரர் முழுசாகக் கட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். ஒருவர் பேரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையில் அதுவும் தெரியும். வருசத்துக்கு ஒரு முறை இலவசமாகவே எடுக்கலாம். ஆனால் அவருடையதைக் கேட்கும் முன் உங்களுடையதை எடுத்து நீட்டுங்கள்.

இது பொதுவாகவே பொருந்தும். முதலில் நம் கணக்கு, பிறகு அவர் கணக்கு. நகை எத்தனை பவுன், அதில் அடகில் எத்தனை, நம் சம்பளத்தில் அம்மா வீட்டுக்கு எவ்வளவு போகிறது, எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள், முகம் தெரியாது. முதல் சந்திப்பிலும் வேண்டாம், பெண் பார்க்க வந்த பெரியப்பா மாதிரி இருக்கும். வீட்டில் சொல்லும் முன் கேட்டாக வேண்டும். சொன்ன பிறகு கேட்டால் இரண்டு குடும்பமும் கணக்குப் போட உட்கார்ந்துவிடும்.

பணம் முக்கியமே இல்லை, மனசு போதும் என்று சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். விசாரித்தால் அவர்களுக்கு வாடகை வரும் லைன் வீடு நாலு இருக்கும். வீட்டு வாடகை, சாப்பாடு, இரண்டு பக்கத்துப் பெரியவர்களுக்கும் கொடுப்பது, இது இரண்டு பேர் சம்பளத்திலும் சேர்ந்து அடங்கினால் எனக்குப் போதும். கடன் இருப்பதற்காக ஆளைத் தள்ளமாட்டேன். எதற்கு வாங்கினது, எப்போது முடியும் என்று இரண்டையும் தடுமாறாமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாகப் பழகியவருக்குச் சம்பளம் 32 ஆயிரம். அதே பேக்கரி. என் கணக்கைச் சொல்லி முடித்ததும் அவரே ஆரம்பித்தார். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின லோன், மாசம் 7,500. "அப்புறம் சீட்டு ஒண்ணு இருக்குதுங்க."

"எடுத்ததுங்களா?"

"எடுத்தாச்சு. தோட்டத்துல போர் போட."

"தண்ணி வந்துச்சுங்களா?"

"அத ஏனுங்க கேக்கறீங்க. ஆயிரம் அடி போயும் வெறும் புகைதான்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் சொல்லிவிட்டேன்.