ஈ.சி. எது என்று அறிய, அருகில் நிற்கும் எண்ணைப் பாருங்கள்

ஒரு தாளில் "ஈ.சி." என்று கண்டால், அந்த எழுத்துகளை விட்டுவிட்டு, அவற்றை ஒட்டி நிற்கும் எண்ணையும் அலகையும் முதலில் படியுங்கள். இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை என்றிருந்தால் அது சார்பதிவாளர் அலுவலகத்து வில்லங்கச் சான்று. டெசிசீமன்ஸ் என்ற அலகு இருந்தால் மண் பரிசோதனையில் கரையும் உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துத்திறன். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியின் புட்டியில் உள்ளதுபோல் முன்னால் 20 என்றிருந்தால், நூற்றுக்கு 20 பங்கு மருந்து கொண்ட, தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும் கரைசல்.

ஒவ்வொரு துறையும் தன்தன் ஆங்கிலத் தொடரைத் தனியே சுருக்கிக்கொண்டதால் எழுத்துகள் ஒன்றாகிவிட்டன. அளக்கும் பொருள் வேறு என்பதால் அலகு மட்டும் ஒன்றாவதில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பூர்வீக வீடும் கண்மாய்ப் பாசன வயலும் சேர்ந்தே உள்ள குடும்பங்களில் மூன்றும் ஒரே வீட்டில் கண்ணில் படலாம் என்பதால், இது நன்றாகவே உதவும்.

எண்ணே இல்லாத இடத்தில் இம்முறை செல்லாது. "ஈ.சி. எடுத்தாச்சா?" என்று பங்காளி ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டால், வில்லங்கச் சான்றா மண் பரிசோதனையா என்று திருப்பிக் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.