இராஜபாளையம் நாய்க்கு இணை தேர்ந்தெடுக்கும் முறை

பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் இராஜபாளையம் நாயின் அடையாளமாகப் போற்றப்பட்டாலும், அந்த வெண்ணிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வரக்கூடும் என்பதால், இணைசேர்க்க விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது காதுகளைத்தான்.

குட்டிகளுக்கு ஐந்து வாரம் ஆனபின், ஒவ்வொன்றையும் தனியே உறங்கவிட்டு, தரை அதிராமலும் காற்று படாமலும் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். கூட்டமாகப் படுத்திருந்தால், ஒன்று விழித்ததும் செவிட்டுக் குட்டியும் எழுந்துவிடும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியோ இச்சோதனைக்குத் தப்பிவிடும். ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் மின்துலங்கலை அளக்கும் 'பேயர்' சோதனையே அதைக் காட்டிக்கொடுக்கும். அப்படிப்பட்ட நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக் காவலோடு நிற்கட்டும், இனப்பெருக்கத்துக்கு வேண்டாம்.

அடுத்தது இரத்த உறவு. ஊரில் பெயரெடுத்த ஒரே கடுவனிடம் எல்லோரும் பெட்டைகளைக் கொண்டுபோவது வழக்கமாகிவிட்டதால், இருபுறமும் குறைந்தது மூன்று தலைமுறையை எழுதி ஒப்பிடாமல் முடிவெடுக்காதீர்கள்.

2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளின்படி பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது.

வெளிநாட்டு நாயோடு ஒருமுறை கலந்துவிட்டுப் 'புதிய இனம்' என்று விளம்பரம் செய்பவர்கள் உண்டு. பல தலைமுறைகளாக உருவமும் குணமும் மாறாமல் பிறந்தாலன்றி அது கலப்பு நாயே. வாங்குபவரிடம் அப்படியே சொல்லி விற்பதுதான் முறை.