டெத் அண்ட் ரோல்: வீட்டிலேயே முதல் பாட்டைச் செய்வது எப்படி?

டெத் மெட்டலின் ரம்பம் போன்ற கிட்டார், உறுமும் குரல், அடியில் எழுபதுகளின் ராக் தாளம். இந்த மூன்றும் சேர்ந்தால் டெத் அண்ட் ரோல். பவர் கார்டு பிடிக்கத் தெரிந்து, ஒரு எலக்ட்ரிக் கிட்டாரும் லேப்டாப்பும் இருந்தால் தொடங்கிவிடலாம். தஞ்சாவூரோ மன்னார்குடியோ, உங்கள் வீட்டு மாடி அறையே ஸ்டுடியோ.

1. முதலில் காது

ஸ்டாக்ஹோமின் என்டூம்ட் குழு 1990-ல் வெளியிட்ட 'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தைக் கேளுங்கள். அசல் டெத் மெட்டல். அப்புறம் அவர்களுடைய 1993 ஆல்பம் 'வுல்வரின் ப்ளூஸ்'. கிட்டார் சத்தத்தின் குணம் அதேதான். வேகம் இறங்கி, தலையாட்டும் நடை வந்திருக்கும். இந்தப் பாணிக்கு எல்லாரும் கைகாட்டும் ஆல்பம் இதுதான். அதில் டிரம்ஸ் வாசித்த நிக்கே ஆண்டர்சன் 1997-ல் குழுவை விட்டு விலகி, தன்னுடைய ராக் குழுவான ஹெலகாப்டர்ஸே கதி என்று போய்விட்டார். மனசு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று புரிகிறதல்லவா? இங்கிலாந்தின் கார்கஸ் செய்த 'ஸ்வான்சாங்', நெதர்லாந்தின் கோர்ஃபெஸ்ட் செய்த 'சோல் சர்வைவர்' இரண்டும் 1996. பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்த ஆல்பங்கள். நீங்கள் தாராளமாகக் கேளுங்கள்.

கேட்கும்போது கிட்டாரை விட்டுவிட்டு ஸ்னேரை, அதாவது டிரம்ஸில் 'சட்'டென்று ஒலிக்கும் மேளத்தை மட்டும் கவனியுங்கள். நான்கு அடிச் சுற்றில் பெரும்பாலும் 2, 4 ஆகிய அடிகளில் விழும். அங்கே தொடையில் தட்டிப் பழகுங்கள்.

2. தாளம் (இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்)

புதிதாக வருகிறவர்கள் எடுத்தவுடன் டிஸ்டார்ஷன் பெடல் (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் கருவி) தேடிப் போகிறார்கள். இந்தப் பாணி நிற்பது தாளத்தில். நடை சரியில்லை என்றால், எந்தப் பெடல் வாங்கினாலும் மெதுவாக வாசித்த டெத் மெட்டல் மாதிரிதான் இருக்கும்.

ராக்கின் ஷஃபிள் நடையை, அந்த நொண்டித் தாளத்தைப் பிடிக்க டெல்டாக்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கோயில் திருவிழாவில் தவில் கேட்டே வளர்ந்திருப்போம்; அடிக்கு மூன்றாக ஓடும் திஸ்ர நடை காதில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு அடிக்கு ஒரு 'தகிட' என்று நான்கு முறை வாயால் சொல்லுங்கள். நன்றாக ஓடியதும் நடுவில் வரும் 'கி'யை விழுங்கிவிடுங்கள். த–ட, த–ட, த–ட, த–ட. அவ்வளவுதான், ஷஃபிள் வந்துவிட்டது. இதே நொண்டலை வலது கையின் பிக் பிடிக்க வேண்டும்.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120 அடியில் வையுங்கள். பிளாஸ்ட் பீட் (டெத் மெட்டலின் அதிவேக டிரம்ஸ் அடி) 200-ஐத் தாண்டிப் பறக்கிற உலகத்திலிருந்து வந்தவர்களுக்கு இது ஆமை வேகமாகத் தெரியும். பரவாயில்லை. 140-க்கு மேல் இப்போதைக்குப் போக வேண்டாம். எல்லாப் பாட்டும் ஷஃபிள் இல்லை, நேர்நடையிலும் நிறைய உண்டு. ஆனால் ஷஃபிள் கைவந்தால் நேர்நடை தானாக வரும், மறுபக்கமாக நடப்பதில்லை.

3. சுருதி இறக்குதல்

சி ஸ்டாண்டர்டில் தொடங்குங்கள். ஆறு கம்பிகளையும் வழக்கத்தைவிட நான்கு அரைச்சுரம் இறக்க வேண்டும்: தடித்த கம்பியிலிருந்து சி, எஃப், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஜி, சி. 9 கேஜ் கம்பி இதற்குத் தாங்காது, தொளதொளவென்று ஆகிவிடும். 11–54 அல்லது 12–60 செட் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர் ஈரப்பதத்துக்குக் கம்பி சீக்கிரமே துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டுவையுங்கள்.

4. ரிஃப்

தடித்த கம்பியில் 0, 3, 5, 7, 10 ஆகிய ஃப்ரெட்டுகளை வரிசையாக வாசியுங்கள். இது மைனர் பென்டடோனிக். நாகஸ்வரம் கேட்டவர்கள் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள்: ச க ம ப நி, சுத்த தன்யாசியின் சுரங்கள் அப்படியே. கமகம் இல்லாமல் ராகம் ஆகாது என்று திருவையாற்றுப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள், அது நியாயம்தான். சுரங்களை மட்டும் கடன் வாங்குகிறோம். இதோடு 6-வது ஃப்ரெட்டைச் சேருங்கள். ப்ரதி மத்யமம் நுழைந்து உறுத்தும். ப்ளூஸின் அழுகையும் டெத் மெட்டலின் விஷமும் சந்திக்கிற இடம் அந்த ஒற்றை ஃப்ரெட்.

இப்போது இரண்டு பார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி. ஒரு பார் என்பது நான்கு அடி; அதற்கு எட்டுத் தட்டு, ஷஃபிள் நடையில். '–' என்றால் மௌனம்.

முதல் பார்: 0 0 3 0 5 6 5 –
இரண்டாம் பார்: 0 0 3 0 3~ ~ – –

பூஜ்யம் (விரல் வைக்காத கம்பி) வருகிற இடமெல்லாம் உள்ளங்கையைப் பிரிட்ஜ் பக்கம் அழுத்தி மூட் செய்யுங்கள். மற்ற எண்களை மூட் இல்லாமல் ஒலிக்க விடுங்கள். இரண்டாம் பாரில் 3~ என்பதைப் பவர் கார்டாக அடித்து, ஒரு அடி முழுக்க நீளவிட்டு, நான்காவது அடி வந்ததும் கம்பியைச் சட்டென்று அணையுங்கள். அந்த இடத்தில் ஸ்னேர் மட்டும் தனியாக விழ வேண்டும். அந்த வெற்றிடத்தை நிரப்பக் கை துடிக்கும், நிரப்பாதீர்கள்.

5. சத்தம்

அந்த ஸ்வீடன் ரம்பச் சத்தத்தின் ரகசியம் பாஸ் நிறுவனத்தின் எச்எம்-2 பெடல். நான்கு குமிழையும் கடைசிவரை திருகிவிடுவார்கள், வேறு சூத்திரம் கிடையாது. அசல் பெடலின் தயாரிப்பு 1991-ல் நின்றது. பழையது இப்போது யானை விலை. பெஹ்ரிங்கர் எச்எம்300 அதன் மலிவு நகல், பழகுவதற்குப் போதும். என் யோசனை: டிஸ்டார்ஷன் குமிழை மட்டும் பாதிக்குக் கீழே இறக்குங்கள். முழுக்கத் திருகினால், நீங்கள் பாடுபட்டு விட்ட வெற்றிடத்தை இரைச்சல் நிரப்பிவிடும்.

பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது, கிட்டார் 'ங்ங்ங்' என்று முனகும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கும். கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் யூஎஸ்பியிலேயே ஓடுவது என்றால் கரண்ட் போனாலும் ரெக்கார்டிங் நிற்காது. மின்விசிறியும் நின்றிருக்கும், மைக்குக்கு அது இன்னும் நல்லது.

6. குரல்

தொண்டையைக் கிழித்துக் கத்துவது உறுமல் ஆகாது. கனமான பொருளைத் தூக்கும்போது 'ம்ஹ்' என்று ஒரு முக்கல் வருமே, அங்கிருந்து தொடங்குங்கள். காற்று வயிற்றிலிருந்து சீராக வர வேண்டும், சத்தம் குறைவாகவே இருக்கட்டும். பெருக்கிக் காட்டுவது மைக்கின் வேலை. ஒருநாளைக்குப் பத்து நிமிடம் போதும். வலித்தாலோ, பேச்சுக் குரல் கரகரத்தாலோ அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

இந்தப் பாணியில் வார்த்தை ஓரளவு புரிய வேண்டும். தமிழ் இதற்கு வசதி: க, ட, ற எல்லாம் தாளத்தில் கல் மாதிரி விழும். 'ஆ', 'ஓ' உறுமலில் நன்றாக நிற்கும், 'ஈ' மெலிந்துபோகும். ஸ்காண்டிநேவியப் பனிக்காடு நமக்கு எதற்கு? ஜூன் 12 வந்தும் மேட்டூர் திறக்காத வருஷத்தைப் பற்றி எழுதுங்கள்.

கடைமடை காய்ந்தது
கலப்பை துருவில் தேய்ந்தது

7. சேர்த்தல்

ரீப்பர் என்ற ரெக்கார்டிங் மென்பொருளில் எம்டி பவர் டிரம் கிட் என்ற இலவசச் செருகியைப் போட்டு டிரம்ஸை எழுதுங்கள். அமைப்பு பழைய ராக்தான்: ரிஃப், பாட்டு, கோரஸ், மறுபடி பாட்டு, கோரஸ், சோலோ, கடைசிக் கோரஸ். சோலோவுக்கு முன் எட்டு பார் மட்டும் பிளாஸ்ட் பீட்டை அவிழ்த்துவிடலாம். அதற்கு மேல் வேண்டாம்.

ரிஃப்பை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடது, மற்றொன்றை முழு வலது பக்கம் வையுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து ஒட்டினால் அகலம் வராது. பேஸ் கிட்டாரும் சேர்த்திருந்து, அது காதில் விழவில்லை என்றால் அதன் ஒலியளவை ஏற்றாதீர்கள். கிட்டார்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டு மறுபடி கேளுங்கள்.