மலைமேல் ஓடும் மேகம்: மினுக்கல் இல்லாத டைம்லாப்ஸ் எடுப்பது எப்படி?

மேகம் மலையில் முட்டி ஏறி மறுபக்கம் வழிவது கண்ணுக்கு மெதுவாகத்தான் தெரியும். டைம்லாப்ஸில், அதாவது இடைவெளி விட்டு எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓட்டும் காணொளியில் பார்த்தால் அது அருவி. கேமராவில் இன்டர்வெல் (படங்களுக்கு இடையிலான இடைவெளி) வைக்கத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. முற்பகலிலேயே போய்விடுங்கள். வெயில் மலைச்சரிவைச் சூடாக்க, ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்துதான் மேகமாகிறது. அது பிறக்கும் கட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

2. ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். லென்ஸில் கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள்.

3. தாழ்வாக விரையும் மேகத்துக்கு 2 அல்லது 3 விநாடி இடைவெளி, மெல்லத் திரளும் மேகத்துக்கு 5 முதல் 10 வரை. விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 10 விநாடிக் காட்சிக்கு 250 படம் வேண்டும். 3 விநாடி இடைவெளியில் பன்னிரண்டரை நிமிடம்.

4. ஃபோகஸ், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) எல்லாமே மேனுவல். மேகம் விலகினால் வெளிச்சம் கூடும், அதனால் ஹிஸ்டோகிராமின் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலப்பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள். ஃபைல் கட்டாயம் ரா (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலப்படம்).

5. இனிதான் முக்கியமான இடம். எல்லாம் மேனுவலில் இருந்தும் என் வானம் படபடவென்று மினுக்கியது. காரணம் அப்பெர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளை. எஃப்/11 என்று சிறிய துளை வைத்தாலும் பல கேமராக்களில் லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும். படம் எடுக்கும் கணத்தில் மட்டும் சுருங்கும். ஒவ்வொரு முறையும் சரியாக அதே அளவுக்குச் சுருங்குவதில்லை. தனிப்படத்தில் தெரியாத அந்த மயிரிழை வித்தியாசம் ஓட்டும்போது மினுக்கலாகிறது.

தீர்வு, சுருங்கவே விடாமல் முழுதாகத் திறந்து எடுப்பது. நல்ல வெயிலில் எஃப்/2.8, ஐஎஸ்ஓ 100 என்றால் ஷட்டர் 1/3200 வரை போகும். அவ்வளவு வேகத்தில் மேகம் வெட்டி வெட்டி நகரும். ஒளியை மட்டுப்படுத்தும் என்டி64 ஃபில்டர் மாட்டினால் ஒளி ஆறு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) குறைந்து, ஷட்டர் 1/50-க்கு வந்துவிடும். அதைவிட எனக்குப் பிடித்தது, அடாப்டர் போட்டு மாட்டும் பழைய லென்ஸ். கையால் திருகிய அப்பெர்ச்சர் அப்படியே நிற்கும். வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டர் மட்டும் வேண்டாம். வைடு லென்ஸில் நீலம் திட்டுத்திட்டாக விழும்.

6. படங்களைக் கோக்க டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். மிச்சமிருக்கும் மினுக்கலை எல்ஆர்டைம்லாப்ஸ் என்ற மென்பொருள் சரிசெய்யும்.

பின்னர் சேர்த்தது: நடுநடுவே படம் விடுபடுகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஷட்டர் நேரமும் கார்டில் எழுதும் நேரமும் சேர்ந்து இடைவெளிக்குள் அடங்க வேண்டும். விநாடிக் கணக்கில் ஷட்டர் வைப்பவர்கள், படத்தின் புள்ளி இரைச்சலைக் குறைக்கும் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.